சுத்தம் செய்த நாள்

எங்கள் பேரூராட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னைக் கண்டித்து ஒரு தீர்மானம் போடுவார்கள். அதிலும் என்னிடமே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் என்பது போதும். அங்கே எட்டாவது வார்டு கவுன்சிலர் நான். பெயர் ஜெகபர் சாதிக். கடைத்தெருவில் கயிறு, வாளி, தார்ப்பாய், துடைப்பம் விற்கிறேன். அப்பா காலத்துக் கடை. எந்நேரமும் கடையில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், தேடிப் போனால் கிடைப்பார் என்றுதான் எனக்கு ஓட்டுப் போட்டார்கள். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த மண் இது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பேசுகிறவர்களை ஒருநாள் எங்கள் மன்றக் கூட்டத்துக்குக் கூட்டி வந்து உட்கார வைக்க வேண்டும். பதினொரு மணிக் கூட்டம் பன்னிரண்டரைக்குத் தொடங்கும். பதினைந்து பேரில் எட்டு பேர் பெண்கள். அந்த எட்டில் நாலு பேருக்குப் பதிலாகப் புருஷன்கள் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கிளார்க் எழுந்து, "பொருள் எண் ஒன்று, மன்றத்தின் பார்வைக்கு. பொருள் எண் இரண்டு, மன்றத்தின் முடிவுக்கு" என்று வேகவேகமாக எண்களை மட்டும் வாசிப்பார். பொருள் என்ன என்று அவருக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. பொருள் எண் ஐந்து வருவதற்குள் பஜ்ஜி வந்துவிடும். அஜெண்டா தாளில் பஜ்ஜியை வைத்து அமுக்கி எண்ணெய் எடுப்பார்கள். குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் அந்த எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் "ஏகமனதாக" நிறைவேறிவிடும். பார்க்கச் சகிக்காது. ஆனால் பஜ்ஜி நானும் தின்றிருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன அக்டோபர் கடைசியில் நடந்தது இது.

என் வார்டின் கடைசியில், ஏரிக்கரையை ஒட்டி ஒரு காலனி இருக்கிறது. அறுபது வீடு. சில வாசலில் சிலுவை, சில வாசலில் மாரியம்மன் படம். நாற்று நடப் போகிறவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள். அங்கே நாலு குழந்தைகளுக்கு ஒரே வாரத்தில் மஞ்சள் காமாலை. கொத்தனார் ஆல்வினின் ஆறு வயது மகள் ஜெமிமாவைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். குழாய்த் தண்ணீர் நாற்றம் அடிக்கிறது என்று இரண்டு பேர் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மன்றக் கூட்டத்தில் எழுந்தேன்.

"தலைவரே, காலனில நாலு கொயந்திங்களுக்குக் காமால. தண்ணி நாறுதுன்றாங்க. அந்த டேங்க கய்வினாங்களா இல்லியா?"

தலைவர் பஞ்சாட்சரம் பஜ்ஜியைக் கீழே வைக்கவில்லை. "இருவதாந்தேதிதான் கய்விகீது பாய். டேங்க்லயே தேதி எய்திகீது. உங்க வார்டு டேங்க நீங்க பாக்கறதில்லியா?"

மூன்றாவது வார்டுக்காரர் பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார். "அவங்க பண்டிக பண்ணி பிரியாணி துன்னாங்களே. அதுல இன்னா போட்டாங்களோ!"

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் காலனி சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நடந்தது. ஊர் கூடிச் சமைத்துச் சாப்பிட்டார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். செயல் அலுவலர் தேவயானி மேடம் சிரிக்கவில்லை, சிரித்தவர்களை அடக்கவும் இல்லை. ஏதோ குறித்துக்கொண்டார். கடைசியில், காலனியில் நோய்த்தடுப்புப் பணிகளைப் போர்க்கால அடிப்படையில் மேற்கொண்ட நிர்வாகத்துக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். எந்தப் போர், எந்தக் காலம், யாருக்கும் யாருக்கும் நடுவில் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக டேங்குக்குப் போனேன்.

டேங்கைத் தாங்குகிற தூணில் நீல பெயிண்டில் பளிச்சென்று எழுதியிருந்தது. சுத்தம் செய்த நாள் இருபது, அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள் ஐந்து. அச்சுத் தகடு வைத்து எழுதிய எழுத்து, ஒரு கோணல் இல்லை. கீழே டேங்க் ஆப்பரேட்டர் வேதகிரி, தண்ணீர் திறந்துவிடுகிறவர், வால்வுமேல் துணியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வேதகிரி, நீ மேல ஏறி எத்தினி நாளாச்சி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏணியப் பாருங்க பாய்."

பார்த்தேன். தினம் இரண்டு தடவை அந்த வழியாகப் போகிறவன் நான், அன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்தேன். இரும்பு ஏணி பாதி உயரம் வரைக்கும் ஒழுங்காக இருந்தது. அதற்குமேல் படிகள் இல்லை. எட்டோ ஒன்பதோ படிகள் துருப்பிடித்து விழுந்து, இரண்டு பக்கக் கம்பி மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"எப்பலேர்ந்து இப்டி கீது?"

"ரெண்டு வருசம் ஆச்சி. பொயல்ல போச்சி. ஆபீஸ்ல சொன்னேன். ஏணி வரும், அதுவரிக்கும் தேதிய மட்டும் வுடாம எய்துன்னாங்க." துணியை உதறிக்கொண்டே சொன்னார். "உங்களுக்குத் தெரியும்னு இல்ல நென்ச்சிக்கினு இருந்தேன்?"

அவர் எதைச் சொல்கிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கோபம் கண்ணை மறைத்தது. தெருவிளக்கு மாட்டுகிற பீட்டருக்குப் போன் போட்டேன். கடையிலிருந்து நல்ல நைலான் கயிறு முப்பது மீட்டரும் ஒரு புது வாளியும் எடுத்து வந்தேன். பீட்டர் தன் அலுமினிய ஏணியை மேலே இழுத்து, பழைய கம்பியோடு சேர்த்துக் கட்டி, ஏசுவே ஏசுவே என்று சொல்லிக்கொண்டே ஏறினான். மேலே போனவன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தான்.

"இன்னாடா?"

"மூடியே இல்ல பாய்! தொறந்து கெடக்குது. நீங்க பாக்க வாணாம் பாய்."

"வாளிய வுட்டு மொண்டு எறக்கு."

கயிற்றில் வாளி ஆடி ஆடி இறங்கியது. பாதி வழியிலேயே நாற்றம் வந்துவிட்டது. வேதகிரி எழுந்து தள்ளிப் போய் நின்றார். கறுப்பும் பச்சையுமாகக் குழைந்த சேறு, புறா இறகு, அதன் நடுவே தோல் உரிந்த ஒரு சின்னக் கை. விரல்கள் மடங்கியிருந்தன. குரங்கின் கை என்று தெரிவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. வேலியோரம் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். இதைத்தான் அறுபது வீடு குடித்திருக்கிறது, இதில்தான் பால் கலந்திருக்கிறது, இதில்தான் குழந்தைக்கு மாத்திரை கரைத்திருக்கிறது.

வாளிமேல் ஒரு சாக்கைப் போட்டுக் கட்டி, வண்டியின் முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. செயல் அலுவலர் மேஜைமேல், கோப்புகளுக்கு நடுவில், வாளியை வைத்துச் சாக்கை எடுத்தேன்.

தேவயானி மேடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஜன்னலோரம் போனார். "கவுன்சிலர் சார், என்ன இது? ஆபீஸ்ங்க இது."

"இதான் மேடம் நீங்க இருவதாந்தேதி கய்வினது. இந்த வாளிய எடுத்துக்கினு கலெக்டராண்ட போறேன். ஒருத்தரையும் வுட மாட்டேன்."

அவர் பீரோவைத் திறந்து ஒரு நீளமான பதிவேட்டை எடுத்து, வாளியிலிருந்து தள்ளி, மேஜையின் ஓரத்தில் விரித்து வைத்தார். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி சுத்தம் செய்யும் பதிவேடு, வார்டு எட்டு. பக்கம் பக்கமாகத் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ரப்பர் ஸ்டாம்பில் ஒரு வரி: "மன்ற உறுப்பினர் முன்னிலையில் சுத்தம் செய்யப்பட்டது." ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு கையெழுத்து. ஜெ. சாதிக். ஜெ. சாதிக். ஜெ. சாதிக். என் கையெழுத்தில் 'க்' மேல் புள்ளியை வட்டமாகப் போடுவது என் பழக்கம். அந்த வட்டம் பக்கம் முழுக்க முட்டை முட்டையாகக் கிடந்தது.

"ரெண்டு வருஷத்துல நாப்பத்தேழு இருக்கு சார். நான் எண்ணிட்டேன்" என்றார்.

ஞாபகம் வந்தது. வராமல் என்ன. மாசத்தில் இரண்டு தடவை வேதகிரி கடைக்கு வருவார். கயிறு அளந்துகொண்டிருப்பேன், இல்லை டீ குடித்துக்கொண்டிருப்பேன். இது தெருவிளக்கு பாய், இது கொசு மருந்து பாய், இது டேங்க் பாய் என்று பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டுவார். காதிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டுத் தள்ளுவேன். என் வாழ்க்கையில் ஒரு முழம் கயிற்றைக்கூட அளக்காமல் விற்றதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மன்றத்தில் நான்தான் அடிக்கடி சொல்வேன். அந்தச் சுரைக்காயையே பயிரிட்டவன் நான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கலெக்டர் கிட்ட போங்க. வேண்டாங்கல" என்றார் மேடம், மூக்கிலிருந்து முந்தானையை எடுக்காமலே. "விசாரணைன்னு வந்தா முதல் பேர் உங்களுதுதான். பதவி போகும், போலீஸ் கேஸும் வரலாம். சுகாதாரத் துறைக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேன். பண்டிகைச் சாப்பாட்டுல உணவு ஒவ்வாமைன்னு. சமைச்சவங்க பேர்கூடப் போட்டாச்சு. நாளைக்குக் காலைல டேங்கைக் கழுவிடறோம். புது ஏணியும் வந்துடும். உங்களுக்கு வேண்டியது அதுதானே? வாளியை மட்டும் எடுத்துட்டுப் போயிடுங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாக்கைத் திரும்பக் கட்டி, படி இறங்கி, வண்டியில் வைத்தேன். டேங்க் சுத்தமாகிறது, ஏணி வருகிறது, ஒரு கவுன்சிலர் வேறென்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஞ்சாட்சரத்தைப் பார்த்தும் அந்த மூன்றாவது வார்டு ஆளைப் பார்த்தும் வராத அருவருப்பு அந்தப் பத்து நிமிஷத்தில் என்னைப் பார்த்து எனக்கு வந்தது. வந்தும் வண்டி கடைப்பக்கம்தான் திரும்பியது.

வழியில், காலனி பஸ் ஸ்டாப்பில் ஷீபா நின்றிருந்தாள். ஆல்வினின் மனைவி. கையில் ஒரு பை, ஒரு கஞ்சித் தூக்கு. ஆஸ்பத்திரியில் குழந்தையோடு ஆல்வின் இருந்தான், இவள் மாற்றுத்துணி எடுக்க வந்திருக்கிறாள். நிழற்குடைக்குள் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடம் இருந்தது. ஷீபா மட்டும் வெளியே வெயிலில் நின்றாள். அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"கொயந்த எப்டிம்மா கீது?"

"கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் கீது பாய். எது குட்த்தாலும் கக்குது." அவள் என்னைப் பார்க்காமல் தூக்கின் மூடியையே பார்த்தாள். "ஆபீஸ்லேர்ந்து வந்து எம்பேரு எய்திக்கினு போனாங்க. நான் ஆக்கின கறியாலதானாம். செல்லாயக்கா என் வாசல்லயே நின்னு கத்திட்டுப் போச்சி, நீதான் ஊரு கொயந்திங்களுக்கு வெசம் வெச்சன்னு. ஒருத்தரும் பேசறதில்ல." மூடியை அழுத்தி மூடினாள். "நான் நல்லாத்தான் பாய் கய்வினேன். மூணு தண்ணி ஊத்தி அலசினேன். சத்தியமா மூணு தண்ணி."

"எந்தத் தண்ணி?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"கொயாத் தண்ணிதான். வேற ஏது?"

நாளைக்கு டேங்கைக் கழுவிவிடுவார்கள். இவளை யார் கழுவுவார்கள்? ஜெமிமா பிழைத்து வந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போனாலும், ஊருக்கு விஷம் வைத்தவள் மகள் என்றுதான் பேசுவார்கள். சர்ச்சில் இனி இவளைக் கரண்டி தொட விடமாட்டார்கள். அதற்கும் அந்தப் பதிவேட்டுக்கும் நடுவில் நான் ஒருவன்தான் நிற்கிறேன். வண்டியிலிருந்து இறங்கினேன்.

"உன் கறி இல்லம்மா. தண்ணி. டேங்க்ல கொரங்கு செத்துக் கெடக்குது. ரெண்டு வருசமா ஒருத்தரும் கய்வல. கய்வினாங்கன்னு பொஸ்தகத்துல கையெழுத்து போட்டது நான். பாக்காமயே போட்டேன்."

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"போன வருசம் வரிக்கும் நான் தண்ணி சூடு பண்ணித்தான் பாய் குட்த்துக்கினு இருந்தேன்" என்றாள் மெதுவாக. "வேதகிரியாண்ட கேட்டேன், தண்ணி ஒரு மாரி கீதேன்னு. அவரு பொஸ்தகத்தத் தொறந்து காட்னாரு. பாரு, பாயே நின்னு பாத்துக் கையெழுத்து போட்டுகீறாருன்னாரு. நீங்க ஏமாத்த மாட்டீங்கன்னு எங்க வூட்டுக்காரரும் சொன்னாரு. கேசு மிச்சமாவும்னு சூடு பண்றத வுட்டேன்."

நிழற்குடையின் சிமென்ட் பலகையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் இரண்டு வெள்ளைத்தாள் வாங்கினேன். கலெக்டருக்கு எழுதினேன். என் வார்டு டேங்க் இரண்டு வருடமாகச் சுத்தம் செய்யப்படவில்லை. ஏறுவதற்கு ஏணியே இல்லை. செயல் அலுவலருக்கும் தலைவருக்கும் இது தெரியும். டேங்கில் செத்த குரங்கு கிடக்கிறது. பதிவேட்டில் உள்ள நாற்பத்தேழு கையெழுத்தும் என்னுடையவை, ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. குழந்தைகள் நோய்ப்பட்டதற்கு ஷீபா சமைத்த உணவு காரணம் இல்லை. அவ்வளவுதான் எழுதினேன். கீழே கையெழுத்துப் போடப் போனபோது ஷீபா தாள்மேல் கையை வைத்துவிட்டாள்.

"இருங்க. மொதல்ல படிங்க. இவங்களும் கேக்கட்டும்."

படித்தேன். நிழற்குடைக்குள் ஒருத்தி, "கொரங்கா?" என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டியிலிருந்த வாளியைக் காட்டினேன், கிட்டே போய்ப் பார்த்தவள் ஓடிப்போய்த் துப்பினாள். அதற்குள் பெட்டிக்கடைக்கு வந்த இரண்டு பேர் நின்றார்கள்.

"இவங்களுக்கும் படிங்க பாய். மொதல்லேர்ந்து."

மறுபடி படித்தேன். செங்கல்பட்டு பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுமா, ஏறு" என்றார். ஷீபாவின் கண் பஸ்ஸுக்குள்ளே போய்த் திரும்பி வந்தது. தலையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது. அடுத்தது முக்கால் மணி கழித்துத்தான்.

"உன் பொண்ணு அங்க காத்துக்கினு இருக்கும்மா" என்றேன்.

"அவ அப்பா கீறாரு. செல்லாயக்கா நடவுலேர்ந்து வர்ற நேரம் இது. அது கேட்டாவணும்."

செல்லாயி வந்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஷீபாவைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தாள். உள்ளே இருந்தவர்களே அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மூன்றாவது தடவை படித்தேன். மன்றத்தில் மூன்று வருஷமாக வாய்கிழியப் பேசியிருக்கிறேன், இப்படி ஒரு தாளை வாசிக்கத் திணறியதில்லை. கையெழுத்து என்னுடையவை என்கிற வரியில் குரல் உள்ளே போய்விட்டது.

"அங்க கேக்கல" என்றாள் ஷீபா.

அந்த வரியைத் திரும்பவும் படித்தேன், உரக்க.

செல்லாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எம்பேரனுக்கும் நேத்துலேர்ந்து மூத்தரம் மஞ்சளாப் போவுது பாய்" என்றாள். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஷீபாவிடமிருந்து பையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நானும் பேரன இட்டுக்கினு உன்கூடயே வரேன்" என்று அவளிடம் சொன்னாள். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து பலகையில் இடம் விட்டார்கள்.

ஷீபா உட்காரவில்லை. என் முன்னால் வந்து, தாளைத் தானே ஒரு தடவை வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசி வரிவரைக்கும் விரல் வைத்துப் போனாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இப்பப் போடுங்க."